இரண்டு மஞ்சள் மாத்திரைகள்

கொச்சியில் கலூருக்குக் குடிவந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தோணியார் கோவிலின் செவ்வாய்க்கிழமைக் கூட்டம், ஸ்டேடியத்தில் மேட்ச் நடந்தால் திணறும் ரோடு, வருடம் முழுக்க விடுமுறையே எடுக்காத கொசு எல்லாம் பழகிவிட்டன. அப்பா போன பிறகு அம்மாவையும் மன்னார்குடியிலிருந்து இங்கே கூட்டிவந்துவிட்டேன். அம்மாவுக்கு மலையாளம் கேட்டால் முக்கால்வாசி புரியும், படிக்கத் தெரியாது. இங்கிலீஷும் அப்படித்தான். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

அம்மாவுக்கு ஊரிலேயே சரவாங்கி. ஆங்கில மருத்துவத்தில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்களே, அதுதான். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. காப்பி டம்ளரை ஒழுங்காகப் பிடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். இங்கே வந்ததும் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டினோம். அவர் இரண்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒன்று மெதோட்ரெக்ஸேட், வாரத்தில் ஒரே ஒரு நாள். இன்னொன்று ஃபோலிக் அமிலம், மற்ற ஆறு நாளும். அம்மா பெருமாளுக்குச் சனிக்கிழமை ஒருபொழுது இருப்பவர். அதனால் அந்த ஒரு நாளைச் சனிக்கிழமை என்றே வைத்துக்கொண்டோம். மறக்காது பாருங்கள்.

ஒரு வருடம் ஒரு குறையும் இல்லை. 2009இல் ஒரு மாதம், வழக்கமான கடையில் அந்தக் கம்பெனி மருந்து இல்லை என்று வேறு கம்பெனியுடையதைக் கொடுத்தார்கள். நானும் வாங்கி வந்து டப்பாவில் போட்டுவிட்டு ஆபீஸ் வேலையாக பம்பாய் போய்விட்டேன். புது மாத்திரையும் சின்னதாக, வட்டமாக, மஞ்சளாக இருந்தது. ஃபோலிக் அமிலமும் சின்னதாக, வட்டமாக, மஞ்சளாகத்தான் இருந்தது. அம்மா சனிக்கிழமை ஃபோலிக் அமிலத்தைப் போட்டுக்கொண்டு, மற்ற ஆறு நாளும் மெதோட்ரெக்ஸேட்டைப் போட்டுக்கொண்டார். இரண்டு வாரம். மொத்தம் பன்னிரண்டு மாத்திரை.

முதலில் வாயில் புண் வந்தது. 'சூடுடா தம்பி' என்று இளநீரும் மோரும் குடித்திருக்கிறார். பிறகு இட்லிகூட விழுங்க முடியவில்லை. நான் ஊர் திரும்பிய அன்று, மாடி வீட்டு சேச்சி ரசம் சாதம் கரைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மேஜையில் கிடந்த அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "அம்மே, இது ஆழ்ச்சயில் ஒரு திவசம் அல்லே?" என்றார். வாரத்தில் ஒரு நாள்தானே என்கிறார். ஆறு மாத்திரை எடுத்த அட்டையை அம்மா காட்ட, அதற்கு முந்தைய காலி அட்டையை நான் குப்பைக்கூடையிலிருந்து எடுக்க... மேலே சொல்ல வேண்டியதில்லை. ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெள்ளை அணுக்கள் 1,300. சாதாரணமாக 4,000க்கு மேல் இருக்க வேண்டும். பிளேட்லெட் நாற்பதாயிரத்துக்கு வந்திருந்தது.

சேச்சிக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவருடைய ஆறு வயதுப் பையனுக்கும் அதே மாத்திரை. அவனுக்கு ரத்தப் புற்றுநோய். லுக்கீமியாவில் குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை. முதல் கட்ட ஊசிகள் முடிந்து, வாரம் ஒரு மெதோட்ரெக்ஸேட், தினமும் ஒரு மெர்காப்டோப்யூரின் என்று இரண்டு வருடப் பராமரிப்பு சிகிச்சையில் இருந்தான். கீழ்வீட்டில் மூட்டு வலிக்கும் கிழவிக்கும் மேல்வீட்டில் புற்றுநோய் வந்த பையனுக்கும் ஒரே மாத்திரை எப்படி? ஆஸ்பத்திரி வராந்தாவில் எட்டு ராத்திரி உட்கார்ந்திருந்தபோது என்னைக் குடைந்த கேள்வி இது. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்துச் சேர்த்துவைத்ததுதான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதுகிறவன். ஆனால் படித்த கதை நம் பக்கத்துக் கதை. சென்னைக்கும் கொச்சிக்கும் வேலூருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

கதை இந்தியாவில்தான் தொடங்குகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஜவுளி மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பமானால் கடும் ரத்தசோகை வந்து இறந்துகொண்டிருந்தார்கள். காரணத்தைத் தேடி அவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் சில மாதம் ஆராய்ந்தார். 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று இருக்கிறதே, அதேதான். ஈரல் சாறும், ஈஸ்டிலிருந்து செய்த மலிவான மார்மைட்டும் அந்தச் சோகையைக் குணமாக்குகின்றன என்று அதே வருடம் எழுதினார். அதற்குள் என்ன பொருள் இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. பத்து வருடம் கழித்து, கீரையிலிருந்து அதைப் பிரித்தவர்கள், இலை என்பதற்கான லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் கர்ப்பமானதும் முதலில் எழுதிக்கொடுக்கும் மாத்திரை இதுதான்.

இதைத் தொழிற்சாலையில் செய்யும் வழியை 1945இல் நியூயார்க் அருகே லெடர்லே என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். அந்தக் கூடத்துக்குத் தலைவர் எல்லாப்ரகத சுப்பாராவ். பீமவரத்தில் 1895இல் பிறந்த தெலுங்கர், படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். காந்தி சொன்னார் என்று கதர்த் துணியில் அறுவைச் சிகிச்சை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு போனாராம். வெள்ளைக்காரப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எம்பிபிஎஸ் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்எம்எஸ் பட்டத்தோடு வெளியே வந்தார். அந்தக் காலத்தில்தான் அவருடைய அண்ணனும் தம்பியும் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோயில் செத்துப்போனார்கள். அவருக்கும் வந்தது. அச்சந்த லட்சுமிபதி என்ற ஆயுர்வேத மருத்துவரின் சிகிச்சையில் பிழைத்தார். பின்னாளில் அந்த ஸ்ப்ரூ நோய்க்கே ஃபோலிக் அமிலம் மருந்தானது.

1922இல் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். ஹார்வர்டில் சேர்ந்தாலும் வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி போர்ட்டர் வேலை. ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை, தசைக்குச் சக்தி தரும் பாஸ்போகிரியேட்டின், ஏடிபி எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லே கம்பெனிக்குப் போனார். வெளியூரில் வேலை பார்க்கும் நமக்கு இந்தப் பகுதியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே கொச்சியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். யானைக்கால் வியாதிக்கு ஆங்கிலேயர்கள் ஒரு காலத்தில் 'கொச்சிக் கால்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்த அளவுக்கு இந்தக் கடற்கரை முழுக்க அது இருந்திருக்கிறது. மலையாளத்தில் மந்து. நான் வந்த புதிதில் மட்டாஞ்சேரி இஞ்சி மண்டிகளுக்கு முன்னால் வீங்கிய காலோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கான டிஇசி என்ற மருந்து 1947இல் வந்தது. அதுவும் சுப்பாராவின் கூடத்திலிருந்துதான். 2004இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில், யானைக்கால் உள்ள மாவட்டங்களில் வீடு வீடாகக் கொடுத்தது அந்த மாத்திரையைத்தான். வாங்கி விழுங்கியவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

சரி, லுக்கீமியாவுக்கு வருவோம். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் இருந்தார். லுக்கீமியா வந்த குழந்தை சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் போய்விடும் காலம் அது. ரத்தசோகையில் மஜ்ஜையைத் தட்டி எழுப்பும் ஃபோலிக் அமிலம் இதற்கும் உதவும் என்று நினைத்து, சுப்பாராவின் கூடத்திலிருந்து அதன் வகைகளை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமெடுத்ததாக அவருக்குப் பட்டது. கொடிய தவறுதான். ஆனால் அந்தத் தவறிலிருந்து அவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். இது அந்த அணுக்களுக்குத் தீனி என்றால், தீனியை நிறுத்தினால்?

தீனியைப் போலவே இருந்து தீனியாகாத ஒன்றை லெடர்லே வேதியியலாளர்கள் செய்து கொடுத்தார்கள். ஃபோலிக் அமில மூலக்கூறில் ஓரிடத்தில் ஆக்சிஜன் இருக்கும் தொகுதியை எடுத்துவிட்டு நைட்ரஜன் இருக்கும் தொகுதியை வைத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அதுதான் அமினாப்டெரின். கூடவே ஒரு மெதில் தொகுதியும் சேர்ந்தால் மெதோட்ரெக்ஸேட். இரண்டு மாத்திரையும் ஏன் மஞ்சள் என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. இரண்டிலும் இருப்பது டெரிடின் என்ற ஒரே வளையம். வண்ணத்துப்பூச்சியின் இறகு நிறத்தில் முதலில் அறியப்பட்ட பொருள்களின் குடும்பம், பெயரும் இறகு என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

நம் செல்லுக்குள் ஒரு என்சைம் ஃபோலிக் அமிலத்தைப் பிடித்து, டிஎன்ஏ கட்டுவதற்குத் தோதாக மாற்றிக் கொடுக்கிறது. மெதோட்ரெக்ஸேட் வந்தால் அந்த என்சைம் ஏமாந்துபோய் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்தால் எளிதில் விடாது. டிஎன்ஏ கட்டும் வேலை நின்றுபோகிறது. அடிக்கடி பிரியும் செல்கள் முதலில் சாகின்றன. லுக்கீமியா அணு அப்படிப் பிரிகிறது. வாயின் உள்தோலும் மஜ்ஜையும்கூட அப்படித்தான். அம்மாவுக்கு வாய்ப்புண் வந்ததும் வெள்ளை அணு விழுந்ததும் இதனால்தான். இரண்டு மாத்திரைகளை அம்மா மாற்றிப் போட்டதை நினைத்து நான் என்னையே நொந்துகொண்டிருந்தேன். உடம்பின் என்சைமுக்கே அவற்றுக்குள் வித்தியாசம் தெரியவில்லை என்று படித்த அன்றுதான் மனம் கொஞ்சம் ஆறியது.

ஃபார்பரின் கட்டுரை 1948 ஜூன் 3 அன்று வந்தது. பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. எல்லோருக்கும் திரும்பி வந்தது. ஆனால் ஒரு மருந்துக்கு லுக்கீமியா பின்வாங்கும் என்று உலகம் பார்த்தது அப்போதுதான். பிறகு ஒரு மருந்தோடு இன்னொன்று, அதோடு மற்றொன்று என்று சேர்த்துச் சேர்த்து, இன்று வசதியான நாடுகளில் அந்த வகை லுக்கீமியா வந்த பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். சுப்பாராவுக்கு இதில் எதையும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கட்டுரை வந்த இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில் தூக்கத்தில் இறந்துபோனார். வயது 53.

அம்மாவின் சரவாங்கிக்கு இது எப்படி வந்தது என்பதற்கு முன்னால் பவுல் எர்லிக்கைச் சொல்ல வேண்டும். கீமோதெரபி என்ற சொல்லே அந்த ஜெர்மானியர் கொடுத்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்காது, அந்தப் பயங்கரத்தை உடம்பு எப்படியோ தவிர்த்துவிடும் என்று 1901 வாக்கில் அவர் சொன்னார். அவர் பெரிய மனிதர் என்பதால் அந்தக் கருத்து பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பதிமூன்று வருடம் முன்பு, 1888இல், மஜ்ஜை முழுக்கக் கொழுப்பாக வற்றிப்போய் இறந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதியவரும் அவரேதான். ஏப்ளாஸ்டிக் அனீமியா என்று இன்று சொல்லும் நோயின் முதல் விவரிப்பு அது. அந்த நோயில் பெரும்பாலும் நடப்பது, உடம்பின் எதிர்ப்பு அணுக்களே ரத்தத்தின் ஸ்டெம் செல்களைத் தாக்கி அழிப்பதுதான். இல்லவே இல்லை என்று அவர் சொன்னதை அவர் கையாலேயே எழுதிவைத்திருந்தார்! அவரைக் குற்றம் சொல்லவில்லை. 1970இல் பாரிஸில் ஜார்ஜ் மாத்தே என்பவர், எதிர்ப்பு அணுக்களை அடக்கிவிட்டு வேறொருவர் மஜ்ஜையைச் செலுத்தினார். கொடுத்த மஜ்ஜை ஒட்டவில்லை, ஆனால் நோயாளியின் சொந்த மஜ்ஜை திரும்ப முளைத்தது. அதைப் பார்த்துத்தான் இந்தச் சந்தேகமே வலுத்தது.

சரவாங்கியும் அந்தக் குடும்பம்தான். வெளியாளை அடிக்க வேண்டிய அணுக்கள் மூட்டின் உட்சவ்வை அடிக்கின்றன. 1951இலேயே கப்னர் என்ற அமெரிக்க மருத்துவர் அமினாப்டெரின் கொடுத்து மூட்டு வீக்கமும் சொரியாசிஸும் அடங்குவதைக் காட்டினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்போதுதான் கார்ட்டிசோன் வந்து, படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடக்கும் அற்புதத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. 1950இல் அதற்கு நோபலும் கிடைத்தது. புற்றுநோய் விஷத்தை மூட்டுவலிக்கு யார் கொடுப்பார்கள்? கார்ட்டிசோனின் பக்கவிளைவுகளை எல்லோரும் பட்டு அனுபவித்த பிறகு, 1980களில் முறையான சோதனைகள் நடந்து, 1988இல் அமெரிக்காவில் மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட்டை அனுமதித்தார்கள். முப்பத்தேழு வருடம்! எங்கள் பாட்டிக்கும் இதே நோய். அந்த முப்பத்தேழு வருடமும் அவள் விளக்கெண்ணெயும் நொச்சி இலை ஒத்தடமுமாக விரல் கோணிப்போய்க் கிடந்தாள். எனக்கு இதில் கோபம் உண்டு. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இங்கே அளவுதான் எல்லாம். லுக்கீமியாவில் சில சமயம் ஒரே நாளில் கிராம் கணக்கில் நரம்பில் செலுத்துகிறார்கள், பிறகு நேரம் பார்த்து மாற்றுமருந்து கொடுத்து மீட்கிறார்கள். சரவாங்கிக்கு வாரத்துக்கு ஒரு முறை, சில மில்லிகிராம். அந்தச் சிறிய அளவு செல்லைக் கொல்வதில்லை. அடினோசின் என்ற பொருளைப் பெருக்கி எதிர்ப்பு அணுக்களின் கோபத்தைத் தணிக்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அதே சிறிய அளவைத் தினமும் கொடுத்தால் செல்லுக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பதில்லை. உலகம் முழுக்க இந்த ஒரே தவறில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்குக் கொடுத்த மாற்றுமருந்து ஃபோலினிக் அமிலம். ஃபோலிக் இல்லை, ஃபோலினிக். நான்கூட டாக்டரிடம் 'அந்த மஞ்சள் மாத்திரையையே நிறையக் கொடுத்தால் போதாதா' என்று கேட்டேன். ஃபோலிக் அமிலத்தை மாற்றித்தரும் என்சைம்தான் பூட்டப்பட்டுவிட்டதே. ஃபோலினிக் அமிலம் ஏற்கனவே மாற்றி முடிந்த வடிவம், அந்தப் பூட்டைத் தாண்டிப்போகும். ஐந்தாம் நாள் வெள்ளை அணு ஏற ஆரம்பித்தது.

எங்கிருந்து ஏறியது? மஜ்ஜையே விழுந்துவிட்டதென்றால் புதிதாக யார் செய்தார்கள்? ரத்தத்தின் ஸ்டெம் செல் என்ற ஒன்று உண்டு என்று செய்து காட்டியவர்கள் டொரோன்டோவின் டில்லும் மெக்கல்லோக்கும், 1961இல். கதிர்வீச்சில் மஜ்ஜை செத்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜை அணுக்களைச் செலுத்தினார்கள். பத்து நாளில் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லிலிருந்து கிளைத்தது என்று பிறகு நிரூபித்தார்கள். அந்த ஸ்டெம் செல்களில் பெரும்பாலானவை எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கும். பிரியாத செல்லை மெதோட்ரெக்ஸேட் ஒன்றும் செய்வதில்லை. அம்மாவின் எலும்புக்குள் அவை தூங்கிக்கொண்டிருந்ததால்தான் அம்மா இன்று இருக்கிறார்.

அவற்றைத் தூங்கவைப்பது யார் என்று தேடியபோது ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு தமிழ்ப் பெயர் கண்ணில் பட்டது: சோழவேந்தன் ரத்தினம். யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஃப்ளேவலின் ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரைகள். செல்லுக்குள் வேலை முடிந்த புரதத்துக்கு 'அகற்று' என்று முத்திரை குத்தும் சில புரதங்கள் உண்டு. அவற்றில் சி-சிபிஎல் என்ற ஒன்று பழுதானால் எலிக்கு லுக்கீமியா வருகிறது என்று 2010இல் காட்டினார்கள். இட்ச் என்பது இன்னொன்று. அது இல்லாத எலி, தன் எதிர்ப்பு அணுக்களே தன்னைத் தாக்கி, உடம்பைச் சொறிந்துகொண்டே இருக்கும். பெயரே அதனால் வந்ததுதான். அதே இட்ச் இல்லாவிட்டால் ரத்தத்தின் ஸ்டெம் செல்கள் அடங்கியிருக்காமல் பெருகுகின்றன என்று 2011இல் வந்தது. தன்னைத் தானே தாக்கும் நோய், லுக்கீமியா, ஸ்டெம் செல்லின் தூக்கம் மூன்றும் ஒரே வகைப் பிரேக்கில் வந்து நிற்கின்றன. கீழ்வீட்டையும் மேல்வீட்டையும் பற்றிய என் கேள்விக்கு மருந்துப் பக்கமிருந்து பாதி விடை கிடைத்தது என்றால், மீதிப் பாதி இங்கே கிடைத்தது.

இன்னொரு இடத்திலும் இந்த மாத்திரையின் கதை நம்மைத் தொடுகிறது. கலூரிலிருந்து நடந்து போகும் தூரம்தான் எர்ணாகுளம் வடக்கு ஸ்டேஷன். சாயங்காலம் அங்கே மெட்ராஸ் மெயிலுக்கு நிற்பவர்களில் கையில் எக்ஸ்ரே உறை வைத்திருப்பவர்களைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம், காட்பாடியில் இறங்குவார்கள். வேலூர் சிஎம்சிக்கு. மலையாளிகளுக்கு வேலூர் என்றால் கோட்டை ஞாபகம் வராது.

இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1983இல் பம்பாய் டாடா மருத்துவமனையில் சுரேஷ் அத்வானி செய்தது. 1986இல் வேலூரில் மாமன் சாண்டி தொடங்கினார். அந்தச் சிகிச்சையை உருவாக்கிய டொனால் தாமஸ் 1957இலேயே முதல் முயற்சிகளை எழுதியிருந்தார். கொடுத்தவரின் எதிர்ப்பு அணுக்கள், வாங்கியவரின் தோல், குடல், ஈரலை வேற்றாள் என்று தாக்கியதுதான் பெரிய தடை. எர்லிக் சொன்ன பயங்கரம் வேறு வழியாக வந்து நின்றது. அதை அடக்க தாமஸின் குழு கையில் எடுத்தது மெதோட்ரெக்ஸேட்டை. 1986இல் சியாட்டிலில், சைக்ளோஸ்போரினோடு சேர்த்து, மாற்றிய பிறகு 1, 3, 6, 11ஆம் நாள்களில் நாலே ஊசி போட்டால் போதும் என்று காட்டினார்கள். உலகம் முழுக்க அந்தக் கணக்கு நிலைத்தது. தாமஸுக்கு 1990இல் நோபல் கிடைத்தது.

ஆனால் முழுக்க அடக்கவும் கூடாது. 1979இல் அதே குழு கவனித்தது: அந்தத் தாக்குதல் வந்தவர்களுக்கு லுக்கீமியா திரும்புவது குறைவு. ஒட்டிப்பிறந்தது போல் ஒன்றாகவே இருக்கும் இரட்டையரின் மஜ்ஜையை வாங்கினால் தாக்குதலே இல்லை, ஆனால் லுக்கீமியா அதிகம் திரும்புகிறது. அதாவது நோயைக் குணமாக்கியதில் ஒரு பங்கு மருந்துக்கு இல்லை, புதிதாக வந்த அணுக்களின் கோபத்துக்கு. மூட்டில் அம்மாவைப் படுத்தும் அதே கோபம், அங்கே ஒருவரைக் காப்பாற்றுகிறது. 2021இல் ஜெர்மனியின் எர்லாங்கனில், லுக்கீமியாவுக்காகச் செய்த கார்-டி அணுக்களை லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் வந்த இளம்பெண்ணுக்குச் செலுத்தி நோயை அடக்கினார்கள் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. லுக்கீமியா மருந்து மூட்டுவலிக்கு வந்த அதே பழைய பாதை. இந்த முறை முப்பத்தேழு வருடம் ஆகவில்லை, அவ்வளவுதான்.

மாடி வீட்டுப் பையன் சிகிச்சை முடித்து, இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். அம்மாவுக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி மெதோட்ரெக்ஸேட்டை ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை அது மாத்திரை டப்பாவில் இல்லை. பழைய குங்குமச் சிமிழ் ஒன்றில், நாலு வாரத்துக்கு நாலே மாத்திரை, என் பீரோவுக்குள். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இதைச் சாப்பிட்டால், கடையில் கம்பெனி மாறும் மாதத்தில் மட்டும் நீங்களே கூட உட்கார்ந்து பாருங்கள்.

போன சனிக்கிழமை ராத்திரி மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, இதைச் செய்தவர் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். கதர் அங்கி, போர்ட்டர் வேலை, கொச்சிக்கால் மருந்து எல்லாம் சொன்னேன். என்சைமைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவருக்குக் கல்யாணம் ஆச்சாடா?" என்றார்.

ஆகியிருந்தது. 1919இல். மனைவி பெயர் சேஷகிரி. மாமனார் உதவியோடுதான் கப்பலே ஏறினார். போகும்போது அவர் கர்ப்பம். பிறந்த பையன் சில மாதத்திலேயே இறந்துவிட்டான். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று போனவர் இருபத்தாறு வருடம் அங்கேயே இருந்து, அங்கேயே போய்விட்டார். இருவரும் மறுபடி பார்த்துக்கொள்ளவே இல்லை.

அம்மா கையிலிருந்த மாத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தண்ணி கொண்டா தம்பி" என்றார்.